அப்புறமுங்க?

அந்த மேடம் எதையும் சொல்ல மாட்டார். கேட்க மட்டும்தான் செய்வார். கோத்தகிரியே நனைந்து கிடக்கும்போது, குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட என் கடை வாசலில் நின்று, "மழை வருதுங்களோ?" என்பார். மாத்திரை வாங்க வந்தால், "எனக்குத் தலை வலிக்குதோ என்னமோங்க?" என்றுதான் ஆரம்பிப்பார். அது உங்களுக்குத்தானே மேடம் தெரிய வேண்டும் என்று ஒருநாள் கேலி செய்தேன். அவரும் சிரித்தார். "அப்படீங்களா?" என்றார்.

என் மருந்துக்கடை பஸ் ஸ்டாண்டிலிருந்து மேலே ஏறும் ரோட்டில் இருக்கிறது. கடையை ஒட்டி ஒரு குறுகலான படிக்கட்டு மாடிக்குப் போகும். கொரோனா அடங்கிய பிறகு அந்த மாடி அறைக்கு மேடம் குடிவந்தார். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டிய வயது. எந்நேரமும் ஒரு பச்சைச் சால்வை, காலில் கம்பளி சாக்ஸ், அதற்கு மேலே ரப்பர் செருப்பு. படிக்கட்டின் அடியில் 'மனம் திறக்கலாம்' என்று ஒரு போர்டு மாட்டினார். டாக்டர் என்றோ சிகிச்சை என்றோ அதில் ஒரு எழுத்து கிடையாது. அவருக்குப் பெயர் இருந்தது. அதை இங்கே எழுத எனக்கு இஷ்டமில்லை. ஊர் அவரைக் கவுன்சிலிங் மேடம் என்றது.

முதல் வாரத்திலேயே என்னிடம் சுடுதண்ணீர் ஊற்றி ஒத்தடம் கொடுக்கிற சிவப்பு ரப்பர் பை ஒன்று வாங்கினார். இடுப்பு வலிக்கு என்றுதான் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, மனம் திறக்க வருகிறவர்களின் மடியில் வைப்பதற்கு அது. குளிரில் மலையேறி வந்தவர்களைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, மடியில் அந்தச் சூட்டை வைத்து, ஜன்னல் திரையை இழுத்துவிடுவார். கண்ணை மூடு என்று சொல்ல மாட்டார். "கண்ண மூடிக்கிட்டா நல்லாருக்குமுங்களா?" என்று கேட்பார். பிறகு பழைய காலத்துக்குக் கூட்டிப் போவார். பள்ளிக்கூட வயசு, அதற்கு முந்தி, அதற்கும் முந்தி. வந்தவர் எங்கே நின்றுபோனாலும் அவரிடம் ஒரே வார்த்தைதான் இருந்தது. "அப்புறமுங்க?"

என் கடையில் படிப்புச் சான்றிதழும் லைசென்ஸும் வருகிறவர் கண்ணில் படுகிற மாதிரி மாட்டியிருக்க வேண்டும். ஃபிரிட்ஜின் குளிர் சரியாக இருக்க வேண்டும். தூக்க மாத்திரை ஒன்றைக் கொடுக்க டாக்டர் சீட்டு வேண்டும். மேடத்தின் சுவரிலும் ஒரு சான்றிதழ் தொங்கியது. ஏதோ ஓட்டலில் வாரக் கடைசியில் நடந்த பயிற்சி வகுப்பில் கலந்துகொண்டதற்காகக் கொடுத்தது. தங்க நிற பார்டர் போட்டு என்னுடையதைவிட அழகாகவே இருந்தது.

குறை சொல்லப் போகிறவள் நல்லதையும் சொல்லிவிட வேண்டும். டீ ஃபேக்டரியில் வேலை பார்க்கும் ஒருவர் இருந்தார். மேட்டுப்பாளையம் ரோட்டு வளைவில் பைக்கோடு விழுந்து மகன் போனபிறகு அவர் யாரிடமும் பேசுவதை விட்டுவிட்டார். என் கடைக்கு வந்து தைலத்தைக் காட்டுவார், வாங்குவார், போவார். அவர் மனைவிதான் கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிப்போனார். பல வாரம் ஏறி இறங்கினார். ஒருநாள் இறங்கி வந்து, "வியாபாரமெல்லாம் எப்படிப் போகுதுங்க?" என்று என்னைக் கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த அம்மா மேடத்துக்கு ஒரு பை நிறைய பட்டர் ஃப்ரூட் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கும் ரெண்டு கிடைத்தது. ஒரு மனுஷன் பேசுவதைக் கடைசிவரை கேட்க இந்த ஊரில் யாருக்கு நேரமிருக்கிறது? ஆஸ்பத்திரியில் வரிசை, வீட்டில் டிவி. மேடத்தை எனக்குப் பிடித்திருந்தது. சாயங்காலம் பேக்கரியிலிருந்து டீயும் வர்க்கியும் வரவழைத்தால் அவருக்கும் சேர்த்து மாடிக்கு அனுப்பிவைப்பேன்.

முதல் உறுத்தல் இத்தலாரிலிருந்து வந்த ஒரு டீச்சரால் ஏற்பட்டது. மேடை ஏறினால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்று மாடிக்குப் போன பெண் அவள். சில மாதத்தில், சின்ன வயதில் தாய்மாமன் தன்னை ஒரு அறையில் போட்டு நாள்கணக்கில் பூட்டிவைத்தார் என்று சொல்ல ஆரம்பித்தாள். குடும்பம் ரெண்டாகப் பிரிந்தது. அவளுடைய அம்மா ஒருநாள் என் கடையில் பிரஷர் மாத்திரை வாங்க வந்து, கவுன்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்ப எங்க ஊட்டுல கதவு வெச்ச ரூமே கெடையாதுங்க. சாக்குதானுங்க தொங்கும்" என்றார்.

கதவில்லாத வீட்டிலும் என்னென்னவோ நடந்திருக்கிறது. அந்தப் பெண் சொன்னது மெய்யாகவும் இருக்கலாம், அவள் சொல்லித்தான் வெளியே வந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. மாடியில் இருந்தவருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக்கி அனுப்புகிற வேலை மேலே நடக்கிறது என்பது மட்டும் அன்றைக்கு எனக்கு உறைத்தது. அதன்பிறகு படி இறங்குகிறவர்களின் முகத்தைக் கவனிக்க ஆரம்பித்தேன். ஏறும்போது ஆளுக்கொரு முகமாக ஏறினார்கள். இறங்கும்போது எல்லோரும் யாரையோ கண்டுபிடித்துவிட்ட முகத்தோடு இறங்கினார்கள்.

இனி என் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் சிலோன்காரர்கள். அப்பாவும் அம்மாவும் கண்டிப் பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள். தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து இந்த மலைக்கு வந்தார்கள். அக்காவுக்கு அப்போது நாலு வயது. அவளுக்குக் கீழே ஒரு தம்பி, கைக்குழந்தை. முகாமில் அவனுக்குக் காய்ச்சலும் பேதியும் கண்டது. அங்கேயே போய்விட்டான். நான் இங்கே வந்தபிறகு, கோத்தகிரி அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தவள்.

வழியில் இறந்த பிள்ளைகளைப் பற்றி எங்கள் ஆட்கள் பேசுவதில்லை. பெயரைக்கூடச் சொல்வதில்லை. ஆனால் தீபாவளிக்கு முதல்நாள் பெரியவர்களுக்குப் படையல் போடும்போது, வாசல் பக்கமாக உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு இலை போடுவோம். அதில் பால்சோறும் சீனியும் வைப்பது அப்பா மட்டும்தான். அவர் வைக்கும்போது நாங்கள் எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். ஏன் என்று கேட்டதில்லை. சாமி விஷயம் என்று விட்டுவிட்டோம்.

அப்பா அதிகம் பேசுகிறவரல்ல. ஆனால் எஸ்டேட் லைன் வீடுகளில் எந்தக் குழந்தை அழுதாலும் தாய்மார்கள் அவரிடம்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள். தோளில் போட்டு முதுகைத் தடவிக்கொண்டே தேயிலைச் செடி ஓரமாக நடப்பார். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடும். கொழுந்து பறித்துக் காய்த்துப்போன கை அது. குழந்தைகளுக்கு அது எப்படிப் பிடித்ததோ.

அம்மா போனபிறகு அப்பா அக்கா வீட்டில் இருந்தார், கீழ் கோத்தகிரியில். அக்காவின் புருஷன் மாரடைப்பில் போய், மகளும் கல்யாணமாகிப் போனபின் அக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது. என்னிடம் வந்து மாத்திரை கேட்டாள். தங்கச்சி கடைதானே என்ற உரிமை. டாக்டரைப் பார்த்துச் சீட்டு வாங்கிவா, சீட்டில்லாமல் எனக்குக்கூட நான் எடுத்துக்கொள்ள முடியாது என்றேன். அதுதான் சட்டம், சரியான சட்டம், இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். அக்கா கோபித்துக்கொண்டு வெளியே போனாள். படிக்கட்டு பக்கத்திலேயே இருந்தது. அதில் ஏறச் சீட்டு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் தூங்கினாள், நிறைய அழுதாள். வாரத்துக்கு ஒருமுறை பஸ் ஏறி வந்துபோனாள். பிறகு என்னிடம் விசித்திரமாகக் கேட்க ஆரம்பித்தாள். அந்த இலையை ஏன் அப்பா மட்டும் வைக்கிறார்? ஏன் நம்மைப் பார்க்கவிடுவதில்லை? அம்மா அன்றைக்கு மட்டும் ஏன் அவர் முகத்தைப் பார்க்க மாட்டாள்? கேள்விகள் அக்காவுடையவை அல்ல என்று கேட்டதுமே எனக்குத் தெரிந்தது. எங்கள் குடும்பத்தில் யாரும் இப்படி அடுக்கிக் கேட்டதில்லை.

ஒருநாள் கடையில் கூட்டம் இருக்கும்போதே உள்ளே வந்து என் முழங்கையைப் பிடித்தாள். கை சூடாக இருந்தது. அந்தப் பையைப் பிடித்திருந்த சூடு.

"அவன் முகாம்ல சாகல. அப்பாதான் கப்பல்லருந்து கடல்ல போட்டாரு. நான் பக்கத்துல நின்னேன். கம்பி ஈரமா இருந்துச்சு. துணியோட போனான்" என்றாள்.

நான் அவளை உள்ளே இழுத்து உட்காரவைத்தேன். நாலு வயதில் நடந்தது உனக்கு எப்படித் தெரியும் என்றேன். கண்ணை மூடினால் தெரிகிறது என்றாள். அன்றிலிருந்து அப்பாவுக்கு அவள் கையால் சோறு போடவில்லை. தட்டைத் தரையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். காது மந்தமான மனுஷன், என்ன நடந்ததென்று தெரியாமல், தான் ஏதோ செலவு வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பீடியை நிறுத்தினார். நான் போய் அவரை என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். பஸ்ஸில் வரும்போது, "அக்காவுக்கு என்ன மகள், மேலுக்கு முடியலையா?" என்று மட்டும் கேட்டார்.

மாடி ஏறிப் போய் மேடத்தைச் சண்டைக்கு இழுத்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்கள் அப்பா ஒரு பூச்சியைக்கூட நசுக்காதவர், அவர் தலையில் ஒரு கொலையைக் கட்டிவிட்டீர்களே என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை. சால்வையைச் சரிசெய்துகொண்டு, நான் கத்தியதை முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"நான் எதுனாச்சுஞ் சொன்னனுங்களா? அக்காதானுங்களே சொன்னாங்க?"

அதுதான் உண்மை. அவர் ஒன்றுமே சொல்லியிருக்க மாட்டார். அவர் வாயிலிருந்து வந்த எந்த வார்த்தையைப் பிடித்தும் இழுக்க முடியாது.

ஆறு மாதத்துக்கொரு தடவை என் கடையைப் புரட்டிப் பார்க்கும் டிரக்ஸ் இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன். நல்ல மனிதர். "வாயில குடுக்கற மருந்துன்னா நான் கேக்கலாமுங்க. காதுல குடுக்கறதுக்கு எங்கிட்ட என்னங்க இருக்குது?" என்றார். போலீஸ் ஸ்டேஷனில், உங்கள் அக்கா புகார் கொடுத்தாரா, அப்பா கொடுத்தாரா என்று கேட்டார்கள். போர்டில் டாக்டர் என்று போட்டிருந்தாலாவது பார்க்கலாம் என்றார்கள். ஆஸ்பத்திரி டாக்டர் மட்டும் கவலையோடு கேட்டார். மனநல டாக்டர் ஊட்டியில் இருக்கிறார், அக்காவைக் கூட்டிப்போங்கள் என்றார். எனக்கென்ன பைத்தியமா என்று அக்கா வர மறுத்துவிட்டாள். பேசுவதற்கெல்லாமா லைசென்ஸ் கேட்பீர்கள் என்று பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார். முடிவெட்டுகிற கடைக்கே லைசென்ஸ் கேட்கிறார்களே, அது முடி, வெட்டினால் மறுபடி வளர்ந்துவிடும் என்றேன். அதற்கும் சிரித்தார்.

கடைசியில் கீழ் கோத்தகிரியிலேயே இருக்கும் பெரியம்மாவிடம் போனேன். அப்பாவின் அண்ணன் மனைவி, அதே கப்பலில் வந்தவர். எண்பதைத் தாண்டியும் ஞாபகம் தெளிவு. அந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்டதும் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நான்தான் தாயி அவனைக் குளுப்பாட்டினேன். முகாமுக்குப் பின்னால, மணல்ல குழி. ஒங்கப்பன்தான் தோண்டினான். ஒங்கம்மா எந்திரிக்கவே இல்லை. வருசா வருசம் அந்த எலையைப் பாத்தா செத்துப்போவேன், நீங்களே வைங்க, நாங்க திரும்பிக்கிறோம்னு அவதான் ஒங்கப்பன்கிட்ட சொன்னா."

இவ்வளவுதான். ஒரு தாயால் தாங்க முடியாததை ஒரு புருஷன் தன் கையில் வாங்கிக்கொண்டான். அதைத்தான் மாடியில் ஒருவர் குற்றத்துக்குச் சாட்சி ஆக்கியிருந்தார். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, நெஞ்சு வெடிக்கவும் செய்தது. பெரியம்மாவை அக்கா முன்னால் உட்காரவைத்துச் சொல்லவைத்தேன். அக்கா பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "பெரியம்மாவுக்கு எதையாச்சும் மறைக்கணுமோ என்னமோ?" என்றாள். குரல் அக்காவுடையது. கேட்டது மேடம்.

அப்பாவையே கூட்டிவா என்று அக்கா கெஞ்ச ஆரம்பித்தாள். அவர் ஒருமுறை மேடம் முன்னால் உட்காரட்டும், அப்புறம் நான் பழையபடி ஆகிவிடுவேன் என்றாள். எனக்கு இஷ்டமில்லை. ஆனால் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பெரியவள் கேட்டு அவர் இல்லை என்று சொன்னதே கிடையாது. அவர் வாயாலேயே முகாமையும் மணல்குழியையும் சொல்லிவிட்டால் பேச்சு இதோடு முடிந்துவிடும் என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டு கூடப்போனேன்.

அன்றைக்கு மேகம் ரோட்டில் இறங்கி, எதிர்க்கடை தெரியாமல் இருந்தது. திரையை இழுத்தபிறகு அறை இன்னும் இருட்டியது. மேடம் அப்பாவின் மடியில் சிவப்புப் பையை வைத்தார். அவர் அதை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மேடத்தின் மெதுவான குரல் அவருக்குக் கேட்கவில்லை. அதனால் ஒவ்வொரு கேள்வியையும் நான் அவர் காதருகே குனிந்து உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

கப்பலில் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். மூட்டைகளுக்குப் பக்கத்தில் என்றார் அப்பா. ஓரத்துக்குப் போனீர்களா? போயிருப்பேன், பெரியவளுக்கு வாந்தி, கடலைக் காட்டக் கூட்டிப்போனேன். அவள் கையைப் பிடித்திருந்தீர்களா? பிடிக்காமல் எப்படி. இன்னொரு கையில் யார்? அப்பா கொஞ்சம் யோசித்தார். சின்னவன் என்றார். அம்பது வருஷத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளையை அவர் வாயால் குறிப்பிட்டு அன்றைக்குத்தான் கேட்டேன்.

"அப்புறமுங்க?"

நான் சொன்னேன். அப்புறம் என்னப்பா? அவர் கை பையின் அடியில் போய் அதை மெல்லத் தாங்கியது. குழந்தை கனமாக இருக்கிறானா என்று மேடம் கேட்டார். கனமே இல்லை என்றார் அப்பா. காற்று அடிக்கிறதா? அடிக்கிறது. பெரியவள் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளா? மூலையில் உட்கார்ந்திருந்த அக்கா விசும்பும் சத்தம் எனக்குக் கேட்டது.

"இப்ப அவன் கையில இருக்கானுங்களா?"

அந்தக் கேள்வியை நான் அப்பாவின் காதில் சொல்லவில்லை. போதும் மேடம் என்று நிமிர்ந்தேன். ஆனால் அப்பா அதற்குள் கண்ணைத் திறந்து, மேடத்தின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை விரிந்தது. பை வழுக்கித் தரையில் தொப்பென்று விழுந்தது. அப்பா குனிந்து அதைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

"விட்டுட்டேனா?" என்று கேட்டார்.

மேடம் முன்னால் சாய்ந்து, மிகவும் அன்பாக, "அப்படித்தானுங்களா?" என்றார்.

அந்த அறையில் யாரும் எதையும் சொல்லவில்லை. ரெண்டு பேர் ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள், அவ்வளவுதான். அக்கா ஓடிவந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள். மன்னித்துவிட்டேன், மன்னித்துவிட்டேன் என்று அழுதாள். அன்றைக்கே அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டாள். தன் கையால் பிசைந்து சோறு போட்டாள். நன்றாகத் தூங்குகிறாளாம், போனில் சொன்னாள். மேடம் செய்த வேலைகளிலேயே இதுதான் பெரிய வெற்றி என்று என் கடைக்கு வருகிறவர்களே பேசிக்கொண்டார்கள்.

பெரியம்மா தடியை ஊன்றிக்கொண்டு அப்பாவைப் பார்க்க வந்தார். நான்தான் குளிப்பாட்டினேன், நீதான் குழி தோண்டினாய் என்று ஒன்றுவிடாமல் அவர் காதில் கத்திச் சொன்னார். அப்பா மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "நீங்க எனக்கு ஆறுதலுக்குச் சொல்றீங்க மதினி" என்றார்.

அந்த வருஷம் தீபாவளிக்கு முதல்நாள் நான் போயிருந்தேன். அக்காவின் மகள் தலைப்பிரசவம் முடிந்து, நாலு மாதப் பையனோடு வந்திருந்தாள். படையல் தயாரானதும் துண்டு இலையை நான் வாசலில் போட்டேன். பால்சோற்றுக் கிண்ணத்தை அப்பாவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. என் கை வேண்டாம் என்றார். அக்காவே வைத்தாள். யாரும் சுவரைப் பார்த்துத் திரும்பவில்லை. இனிமேல் ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது என்றாள் அக்கா. உள்ளே குழந்தை வீறிட்டு அழுதது. அதன் தாய் பழக்கதோஷத்தில் தூக்கிவந்து அப்பாவிடம் நீட்டினாள். அப்பா ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். அவள் வாங்கிக்கோங்க தாத்தா என்று மறுபடி நீட்டினாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே தேயிலைக்குள் இறங்கி நடந்தார். அந்தக் குழந்தை வெகுநேரம் அழுதது.

மேடம் அதற்குள் அறையைக் காலி செய்திருந்தார். போலீஸ் வரவில்லை, யாரும் விரட்டவுமில்லை. குன்னூரில் இதைவிடப் பெரிய இடம் கிடைத்ததாம். இப்போது ரெண்டு பெண்களுக்குப் பயிற்சி வேறு கொடுக்கிறாராம். படிக்கட்டுக்கடியில் போர்டு இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருக்கிறது.

போன மாதம் குன்னூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். பச்சைச் சால்வை. எத்தனையோ நாள் கடையில் தனியாக நின்று, இவரைப் பார்த்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று.

"அப்பா நல்லாருக்காருங்களா?" என்றார்.

இல்லை என்றேன். குழந்தையைத் தூக்குவதில்லை என்றேன். "அப்புறமுங்க?" என்றார். தூக்கத்தில் கையை மூடி மூடித் திறக்கிறார் என்றேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லிக்கொண்டே போனேன். திட்ட வந்த வார்த்தை ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. இந்த ரெண்டு வருஷத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"நீங்க எங்க நின்னுட்டிருந்தீங்க?" என்று கேட்டார்.

"அக்காவுக்குப் பின்னால" என்றேன். "கம்பி ஈரமா இருந்துச்சு. அவன் துணி வெள்ளைத் துணி."

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் ஒரு வளைவில் குலுங்கி நின்றது. என் கை ரெண்டும் மடியில் எதையோ பிடித்துக்கொண்டிருப்பது போலக் குவிந்திருந்தன. நான் எழுந்து, வழிவிடச் சொல்லி, ஏதோ ஒரு ஸ்டாப்பில் இறங்கிவிட்டேன். ரோட்டோரம் நின்று சத்தமாகவே எனக்குச் சொல்லிக்கொண்டேன். நான் பிறந்தது கோத்தகிரி அரசு ஆஸ்பத்திரியில். நான் கப்பலைப் பார்த்ததே இல்லை.

அதை இன்றைக்கும் தினம் சொல்லிக்கொள்கிறேன். வெள்ளைத் துணி மட்டும் போகமாட்டேன் என்கிறது.